சாணத்தில் எஞ்சின் ஓடும், கணக்கு ஓடுமா?

நமது சங்க அலுவலகத்திற்கு வருகின்ற உறுப்பினர்களில் பலர் அண்மைக் காலமாக ஒரே மாதிரியான துண்டுப் பிரசுரத்தைக் கொண்டுவந்து காட்டுகிறார்கள். ‘இனி டீசலே வேண்டாம், சாணமே போதும்’ என்பது அதன் தலைப்பு. மாவு மில், எண்ணெய்ச் செக்கு, ஜெனரேட்டர் வைத்திருக்கும் கடைக்காரர்களைத் தேடிப் போய் இந்தப் பிரசுரத்தைக் கொடுத்து முன்பணமும் கேட்கிறார்கள். ‘போடலாமா, வேண்டாமா?’ என்று கேட்கும் உறுப்பினர்களுக்கு ஒரே வார்த்தையில் பதில் சொல்ல நம்மால் முடியவில்லை. அதனால்தான் இதை எழுதுகிறோம்.

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறோம். சாண எரிவாயுவில் எஞ்சின் ஓடுமா என்றால், ஓடும். அதில் பொய் இல்லை. பிரசுரத்தில் கோளாறு இருப்பது வேறு இடத்தில். சாணத்துக்கு விலை கிடையாது என்று வைத்துக்கொண்டு போட்ட கணக்கு அது. இனாமாகக் கிடைக்கிற சரக்கை நம்பி நடக்கிற வியாபாரம் எத்தனை நாள் நடக்கும் என்பது தராசு பிடித்த நமக்குத் தெரியாததா?

எஞ்சின் புதிதல்ல

பம்பாய் மாதுங்காவில் இருந்த தொழுநோயாளர் இல்லத்தில் 1897-லேயே கழிவுத் தொட்டியிலிருந்து வாயுவைப் பிடித்தார்கள். சில ஆண்டுகளில் அதை வைத்து எஞ்சினும் ஓட்டினார்கள். 1950-களில் ஜே.ஜே. படேல் என்பவர் கிராமத்துக்கு ஏற்ற சாண எரிவாயுக் கலனை வடிவமைத்தார். அடுத்த பத்தாண்டில் கதர் கிராமத் தொழில் ஆணையம் அதை நாடு முழுவதும் கொண்டு போனது. தரையில் கிணறு, அதன் மேல் கவிழ்த்த இரும்பு டிரம், வாயு சேரச் சேர டிரம் மேலே எழும்பும். நம் ஊர்ப் பக்கத் தோட்டங்களில் துருப்பிடித்துக் கிடக்கிற அந்த டிரம்களை இன்றைக்கும் பார்க்கலாம்.

1970-களின் தொடக்கத்தில் இங்கிலாந்தில் டெவன் பகுதியைச் சேர்ந்த ஹெரால்ட் பேட் என்பவர் கோழி எரு, பன்றி எரு வாயுவில் தன் காரையே ஓட்டிக் காட்டினார். பெட்ரோல் தட்டுப்பாட்டுக் காலமாதலால் உலகப் பத்திரிகைகள் எல்லாம் எழுதின. ஆனாலும் இங்கிலாந்துக் கார்கள் கோழி எருவுக்கு மாறிவிடவில்லை. கார் ஓடவில்லை என்பதல்ல காரணம். ஒருவர் தன் பண்ணை எருவில் தன் காரை ஓட்டலாம். ஊரே அப்படி ஓட்ட வேண்டுமானால் எருவைச் சேர்க்கவும், வாயுவைச் சுத்தம் செய்யவும், அடைக்கவும், விற்கவும் ஆள் வேண்டும்.

எப்படி ஓடுகிறது?

பிரசுரக்காரர் கேட்கும் கேள்விக்குப் பதில் சொல்லவாவது சில விவரங்கள் தெரிந்திருக்க வேண்டும். சாண எரிவாயுவில் 100-க்கு 55 முதல் 65 பங்கு மீத்தேன். மற்றது பெரும்பாலும் கரியமில வாயு, அது எரியாது. கொஞ்சம் ஈரமும், அழுகிய முட்டை வாடை அடிக்கிற ஹைட்ரஜன் சல்பைடும் இருக்கும். இந்தக் கடைசிச் சரக்குதான் எஞ்சினுக்கு எமன்.

பெட்ரோல் எஞ்சினில் ஸ்பார்க் பிளக் இருக்கிறது. ஆகவே அது முழுக்க முழுக்க இந்த வாயுவிலேயே ஓடும். டீசல் எஞ்சினில் பிளக் கிடையாது. அழுத்தத்தின் சூட்டிலேயே டீசல் பற்றிக்கொள்ளும். மீத்தேன் அவ்வளவு சூட்டில் பற்றாது, அதற்கு 500 டிகிரிக்கு மேல் வேண்டும். ஆகவே காற்று உறிஞ்சும் குழாயில் வாயுவைக் கலந்துவிட்டு, பற்றவைப்பதற்கு மட்டும் கொஞ்சம் டீசல் விடுகிறார்கள். 100 லிட்டர் டீசல் பிடிக்கிற இடத்தில் 15 முதல் 20 லிட்டர் அப்போதும் வேண்டும். ‘டீசலே வேண்டாம்’ என்று அச்சடித்திருப்பது அந்த அளவுக்குத் தவறு.

சிலர் வேறொன்று கேட்கிறார்கள். சமையல் கேஸ் போல இதை சிலிண்டரில் பிடித்து வேனில் மாட்டிக்கொள்ளலாமா என்று. முடியாது. சமையல் கேஸ் லேசான அழுத்தத்திலேயே திரவமாகிவிடும். மீத்தேன் எவ்வளவு அழுத்தினாலும் நம் ஊர்ச் சூட்டில் திரவமாகாது. வண்டிக்கு வேண்டுமானால் கரியமில வாயுவைக் கழுவி நீக்கி, 200 மடங்கு காற்றழுத்தத்துக்கும் மேலே அழுத்தி, அதற்கென்றே செய்த கனத்த சிலிண்டரில் அடைக்க வேண்டும். அது பெரிய ஆலை செய்கிற வேலை. சமையல் சிலிண்டரில் கம்ப்ரசர் வைத்து அடைக்கிறேன் என்று யாராவது வந்தால், தயவுசெய்து கடைப் பக்கம் நிற்கவிடாதீர்கள். இன்னொன்று. அடைப்பெடுக்க என்று ஆளைக் கலனுக்குள் இறக்கவே கூடாது. அந்த வாயு இரண்டு மூச்சில் ஆளைச் சாய்த்துவிடும், காப்பாற்ற இறங்குபவரையும் சேர்த்து.

நமது உறுப்பினர் ஒருவருக்கு நேர்ந்தது

நமது சங்க உறுப்பினர் ஒருவர் ஊருக்கு வெளியே மாவு, மிளகாய்ப்பொடி அரவை மில் வைத்திருக்கிறார். பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால் குறிப்பிடவில்லை. 2012-இல் நாள் முழுதும் மின்வெட்டு இருந்ததே, அந்த நேரத்தில் வாங்கிய 5 குதிரைசக்தி டீசல் எஞ்சின் அவரிடம் சும்மா கிடந்தது. பக்கத்துத் தோட்டத்தில் முப்பது உருப்படி மாடு. சாணத்தை அள்ளிப் போட இடமில்லாமல் அவர்கள் தவித்துக்கொண்டிருந்த நேரம். கடன் வாங்கிக் கலன் கட்டினார். நாமும் போய்ப் பார்த்தோம். எஞ்சின் நன்றாகவே ஓடியது. வாடைகூட இல்லை. நமது செயற்குழுவில் அவருக்குப் பாராட்டுத் தீர்மானம் போட்டோம் என்பதையும் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறோம்.

நான்கு மாதம் இனாமாக வந்த சாணத்துக்கு ஐந்தாவது மாதம் தோட்டக்காரர் காசு கேட்டார். ‘சாணிக்கு யாராச்சும் காசு கேப்பாங்களாங்க?’ என்று நமது உறுப்பினர் நம்மிடம் வந்து வருத்தப்பட்டார். ஏன் கேட்கமாட்டார்கள்? நேற்றுவரை அது குப்பை. இன்று அதை வைத்து இவர் டீசல் மிச்சம் பிடிக்கிறார் என்று தெரிந்த உடனே அது சரக்கு. நாமாக இருந்தாலும் கேட்டிருப்போம். டிரெய்லருக்கு இவ்வளவு என்று தொடங்கி, கடைசியில் கிலோ ஒரு ரூபாய் என்று வந்து நின்றது.

அதற்குள் எஞ்சின் வால்வு அரித்துவிட்டது. வாயுவை இரும்புத்தூள் நிரப்பிய டப்பா வழியாக விட்டால் அந்த முட்டை வாடைச் சரக்கை இரும்பு பிடித்துக்கொள்ளும். தூளை அவ்வப்போது வெளியே எடுத்துக் காற்றில் உலர்த்தி, தேய்ந்ததும் மாற்ற வேண்டும். விற்றவர் இதைச் சொல்லவே இல்லை. எஞ்சின் ஆயில் சீக்கிரமே கறுத்துப் போனபோதாவது சந்தேகப்பட்டிருக்கலாம் என்று மெக்கானிக் சொன்னார். விற்றவருக்குப் போன் போட்டால் எடுப்பதில்லை.

கணக்கைப் பிரித்துப் பார்ப்போம்

அந்த மில்லின் கணக்கையே எடுத்துக்கொள்வோம். ஒரு குதிரைசக்திக்கு மணிக்குச் சுமார் 0.45 கன மீட்டர் வாயு பிடிக்கும். 5 குதிரைசக்தி எஞ்சினை நாளுக்கு 4 மணி நேரம் ஓட்ட 9 கன மீட்டர். ஒரு கன மீட்டருக்குப் பச்சைச் சாணம் 25 கிலோ என்பது பொதுவான கணக்கு. ஆக 225 கிலோ சாணம். நம் ஊர் மாடு ஒன்றுக்கு 10 கிலோ என்று வைத்தால் 22, 23 மாடு வேண்டும். வீட்டில் இரண்டு பசு கட்டியிருப்பவரிடமும் இந்தப் பிரசுரத்தை நீட்டியிருக்கிறார்கள்!

மிச்சமாகும் டீசல் நாளுக்குச் சுமார் 4 லிட்டர். 2025-இல் சென்னையில் டீசல் லிட்டர் 92 ரூபாய்க்கு மேல் விற்றது. அந்த விலைக்கு 370 ரூபாய் மிச்சம். சாணம் கிலோ ஒரு ரூபாய் என்றால் 225 ரூபாய் போய்விடும். கையில் நிற்பது 145. இத்தனை சாணத்தையும் சரிக்குச் சரி தண்ணீர் விட்டுக் கரைத்து ஊற்ற ஒரு ஆள் இரண்டு மணி நேரமாவது நிற்க வேண்டும். அந்தக் கூலியையும், இரும்புத்தூளையும், வால்வையும், கடனுக்கு வட்டியையும் கழித்தால் என்ன மிஞ்சும் என்பதை உறுப்பினர்களே போட்டுப் பார்த்துக்கொள்ளலாம். சொந்த மாடு இருபது வைத்திருப்பவருக்கோ அந்த 370-ம் பெரும்பாலும் அவருக்கே. ஒரே கலன், ஒரே எஞ்சின். ஒருவருக்கு லாபம், இன்னொருவருக்கு நஷ்டம்.

இதைவிட முக்கியமான ஒன்று இருக்கிறது. இந்த வாயு எதற்கு மாற்றாகப் போகிறது என்பதைப் பொறுத்து அதன் மதிப்பே மாறுகிறது. ஒரு கன மீட்டர் வாயு ஏறக்குறைய அரை லிட்டர் டீசலுக்குச் சமம், அதாவது 48 ரூபாய். அதே வாயு 0.43 கிலோ சமையல் கேசுக்குச் சமம். 19 கிலோ வணிக சிலிண்டர் 1,800 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் 41 ரூபாய். அதே வாயுவில் ஜெனரேட்டர் ஓட்டினால் வருவது சுமார் ஒன்றரை யூனிட் மின்சாரம். யூனிட் 10 ரூபாய் என்றே வைத்தாலும் 15 ரூபாய்தான். எஞ்சினில் எரிகிற வாயுவின் சூட்டில் முக்கால் பங்கு புகையாகவும் வெந்நீராகவும் போய்விடுகிறது.

அந்த மில்லுக்கு மின் இணைப்பு இருக்கிறது. 2012 மாதிரியான மின்வெட்டு இப்போது இல்லை. மோட்டாரில் 4 மணி நேரம் அரைத்தால் 15 முதல் 17 யூனிட், மிஞ்சிப் போனால் 170 ரூபாய். அவர் 225 ரூபாய்க்குச் சாணம் வாங்கி 170 ரூபாய் மின்சாரத்தை மிச்சம் பிடித்துக்கொண்டிருந்தார். இதை நாம் சொன்னபோது அவர் கொஞ்ச நேரம் பேசவே இல்லை.

இப்போது அவர் எஞ்சினைக் கழற்றிவிட்டு, வாயுவை மிளகாய், மல்லி வறுக்கிற அடுப்புக்குத் திருப்பிவிட்டார். சாணத்தையும் பாதியாகக் குறைத்துக்கொண்டார். பத்து நாளைக்கு ஒரு வணிக சிலிண்டர் குறைகிறது என்கிறார். சாணத்துக்குக் கொடுப்பது போகக் கொஞ்சம் நிற்கிறதாம். கலன் வீணாகவில்லை. எஞ்சினுக்கு என்று வாங்கிய கடன்தான் இன்னும் தீரவில்லை.

பூராவில் தலைகீழாக நடந்தது

அப்படியானால் அடுப்புக்குத்தான் சரி, எஞ்சினுக்கு ஆகாது என்று முடிவு கட்டிவிடலாமா? அதுவும் சரியல்ல. கர்நாடகத்தில் தும்கூர் மாவட்டம், குனிகல் தாலுகாவில் பூரா என்று ஒரு சிறு கிராமம். எண்பது தொண்ணூறு வீடுகள். பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தில் பேராசிரியர் அமுல்ய ரெட்டி 1974-இல் தொடங்கிய ‘அஸ்த்ரா’ என்ற கிராமத் தொழில்நுட்பப் பிரிவு அங்கே ஊருக்குப் பொதுவாகச் சாண எரிவாயுக் கலன் கட்டியது. 1980-களின் தொடக்கத்தில் வீட்டுக்கு வீடு அடுப்புக்கு வாயு கொடுத்தார்கள். திட்டம் படுத்துவிட்டது. எல்லா வீட்டுச் சமையலுக்கும் வாயு போதவில்லை. அதோடு விறகு அவர்களுக்குக் காசில்லாமல் கிடைத்தது. காசு கொடுக்காத பொருளுக்கு மாற்றுச் சரக்கை யார் காசு கொடுத்து வாங்குவார்?

அவர்கள் கலனை இடித்துப் போடவில்லை. ஊர்க்காரர்களிடமே என்ன வேண்டும் என்று கேட்டார்கள். குடிக்க நல்ல தண்ணீர் வேண்டும், வெளிச்சம் வேண்டும் என்றார்கள். 1987-இல் அந்த வாயுவை டீசல் எஞ்சினில் விட்டு ஜெனரேட்டர் ஓட்டி, ஆழ்துளைக் கிணற்றிலிருந்து தெருக் குழாய்களுக்குத் தண்ணீர் ஏற்றினார்கள், வீடுகளில் டியூப் லைட் எரித்தார்கள். திட்டம் நின்றது, ஆண்டுக்கணக்கில் ஓடியது.

வணிகர்களாகிய நாம் கவனிக்க வேண்டியது அங்கே நடந்த கொள்முதல். சாணம் கொண்டுவருபவர்களுக்குத் தராசில் நிறுத்து, கிலோவுக்கு 2 பைசா கொடுத்தார்கள். 2 பைசா பெரிய காசு அல்ல. ஆனால் நிறுத்துக் கொடுத்த காசு. பெரும்பாலும் பெண்கள் கொண்டுவந்தார்கள், காசும் அவர்கள் கைக்குப் போனது. வாயு எடுத்த பிறகு மிஞ்சுகிற எருவையும் அவரவர் கொடுத்த எடைக்குத் தகுந்தபடி திருப்பிக் கொடுத்தார்கள். ஒருவருக்கும் தன் சாணம் போய்விட்டது என்ற குறை வரவில்லை. விஞ்ஞானிகள்தான் கட்டினார்கள், ஆனால் அந்த இடத்தில் நல்ல மண்டிக்காரர் மாதிரி நடந்துகொண்டார்கள் என்பது நம் எண்ணம்.

கிலோ ஒரு ரூபாய் கொடுத்தவர்கள்

பெரிய அளவில் இதைச் செய்தவர்கள் குஜராத் மாநிலம் பனாஸ்காண்டா மாவட்டத்துப் பனாஸ் பால் கூட்டுறவு ஒன்றியத்தினர். தீசா பக்கம் தாமா என்ற இடத்தில் 2020-இல் ஆலையைத் தொடங்கினார்கள். சுற்றுவட்டார விவசாயிகளிடம் கிலோ ஒரு ரூபாய் வீதம் நாளுக்கு 40 டன் சாணம். அதிலிருந்து வாயுவைச் சுத்தம் செய்து அடைத்து, தங்கள் பங்க்கிலேயே வண்டிகளுக்கு விற்கிறார்கள். நாளுக்குச் சுமார் 800 கிலோ வாயு.

இங்கேயும் கணக்குப் போடுவோம். 40,000 கிலோவுக்கு 800 கிலோ என்றால், ஒரு கிலோ வாயுவுக்கு 50 கிலோ சாணம், சாண விலை மட்டும் 50 ரூபாய். மத்திய அரசு 2018 அக்டோபரில் ‘சதத்’ என்ற திட்டத்தை அறிவித்து, இப்படி அடைத்த வாயுவை எண்ணெய் நிறுவனங்கள் கிலோ 46 ரூபாய்க்கு வாங்கிக்கொள்ளும் என்றது. 50 ரூபாய் சாணத்தில் 46 ரூபாய் வாயு! 2023-க்குள் 5,000 ஆலைகள் என்று இலக்கு வைத்தார்கள். அந்த ஆண்டு முடிகையில் இத்திட்டத்தில் நடப்புக்கு வந்தவை நூறைக்கூட எட்டவில்லை. பின்னர் கொள்முதல் விலையை உயர்த்தினார்கள். 2025-26 முதல் குழாய் எரிவாயுவிலும் சி.என்.ஜி.யிலும் 100-க்கு ஒரு பங்கு இந்த வாயுவைக் கலக்க வேண்டும், 2028-29-க்குள் 5 பங்கு ஆக்க வேண்டும் என்று 2023 நவம்பரில் அறிவித்தார்கள். விலையைச் சரியாக வைக்காமல் இலக்கை மட்டும் வைத்தால் என்ன ஆகும் என்று நம்மைக் கேட்டிருந்தால் முதல் நாளே சொல்லியிருப்போம்.

பனாஸ்காரர்கள் மட்டும் எப்படித் தாக்குப்பிடித்தார்கள்? பால் வண்டி ஏற்கெனவே கிராமம் கிராமமாகப் போய்க்கொண்டிருக்கிறது. பாலுக்குப் பணம் பட்டுவாடா செய்கிற கணக்கிலேயே சாணத்துக்கும் பட்டுவாடா. அதைவிட முக்கியம், வாயு போக மிஞ்சுகிற எருவைத் திட எரு, திரவ எரு என்று பிரித்து விற்றார்கள். வாயு சாண விலையைத் தாங்குகிறது, எருதான் லாபம் தருகிறது என்றே நாம் அந்தக் கணக்கைப் படிக்கிறோம்.

சுவீடனில் லிங்ஷோப்பிங் என்ற நகரில் கதை வேறு. இறைச்சிக்கூடக் கழிவிலிருந்து வாயு எடுத்து நகரப் பேருந்துகளை ஓட்டினார்கள். 2005-இல் ஒரு ரயிலையே ஓட்டினார்கள். நகரத்தின் நிறுவனமும், இறைச்சிக்கூடமும், விவசாயிகள் அமைப்பும் ஆரம்பத்திலேயே கூட்டுச் சேர்ந்தார்கள். கழிவு கொடுப்பவர், வாயு வாங்குபவர், எரு வாங்குபவர் மூவரும் பங்காளிகள். அந்த ஊர்களில் கழிவை அகற்றுவதே இறைச்சிக்கூடத்துக்குச் செலவு. நம் நாட்டில் சாணம் கழிவு அல்ல. வறட்டி, எரு என்று அதற்கு எப்போதும் ஒரு வாங்குபவர் இருந்திருக்கிறார்.

நாமக்கல் பக்கம்

நமக்கு அருகில் உள்ள உதாரணம் கோழி எரு. முட்டைக்கோழி ஒன்று நாளுக்கு ஏறத்தாழ 100 கிராம் எச்சம் போடும். பத்தாயிரம் கோழிக்கு ஒரு டன். நாமக்கல் வட்டாரத்தில் கோழிகள் கோடிக்கணக்கில் இருப்பதை நாம் சொல்ல வேண்டியதில்லை, முட்டை வாங்கி விற்கும் உறுப்பினர்களுக்கே தெரியும். மாட்டுச் சாணத்தைவிடக் கிலோவுக்கு ஏறக்குறைய ஒன்றரை மடங்கு வாயு கொடுக்கும். ஆனால் இதில் தழைச்சத்து அதிகம், அம்மோனியா மிஞ்சினால் வாயு உண்டாக்கும் நுண்ணுயிர்கள் சோர்ந்துவிடும். தீவனத்தில் சேர்க்கிற கிளிஞ்சல் தூளும் இறகும் கலனின் அடியில் படிந்து மண்டும். தெரிந்தவர் கையில்தான் இது ஓடும்.

புதுச்சத்திரத்தில் உள்ள ஆலையிலிருந்து வரும் வாயுவை 2020-இல் இந்தியன் ஆயில் நிறுவனம் ‘இண்டிகிரீன்’ என்ற பெயரில் நாமக்கல், சேலம் பங்க்குகளில் விற்கத் தொடங்கியது. சி.என்.ஜி. மினி லாரி வைத்திருக்கும் உறுப்பினர்கள் அதை அப்படியே போட்டு ஓட்டலாம், எஞ்சினில் எதையும் மாற்ற வேண்டியதில்லை. வண்டிக்கு இந்த வாயு வேண்டும் என்பவருக்கு நம் யோசனை இதுதான். வாங்கிப் போடுங்கள், தயாரிக்கப் போகாதீர்கள்.

ஆனால் கோழி எருவும் இனாம் சரக்கல்ல. மஞ்சளுக்கும் வாழைக்கும் தோட்டங்களுக்கும் என்று நெடுங்காலமாக லாரியில் போய்க்கொண்டிருக்கிற பொருள். ஆலை வந்தால் விலை ஏறும். மஞ்சள் போடுகிற விவசாயி அந்த விலையைத்தான் கொடுக்க வேண்டும், அவர்தான் நம் கடையிலும் கடன் வைத்திருக்கிறார்! ஆகவே வாயு எடுத்த பிறகு அந்த எரு திரும்பவும் அவரிடமே வந்து சேருகிறதா என்பதில் நமக்கும் அக்கறை உண்டு. வாயு எடுப்பதால் எருவின் சத்து போய்விடுவதில்லை. தழை, மணி, சாம்பல் சத்து மூன்றும் அதிலேயே நிற்கும். நாற்றமும் ஈயும் குறையும், களை விதைகளில் பெரும்பகுதி முளைக்காது.

சந்தை நாளில் மணப்பாறை, அந்தியூர் மாதிரி மாட்டுச் சந்தைகளில் சேருகிற சாணத்தில் ஆலை வைக்கலாமே என்று நமது செயற்குழுவில் ஒருவர் கேட்டார். நல்ல யோசனைதான். ஆனால் கலனும் மாடு மாதிரிதான், தினமும் தீனி போட வேண்டும். வாரத்தில் ஒரு நாள் போட்டுவிட்டு ஆறு நாள் பட்டினி போட்டால் வாயு வராது. வெளியூரிலிருந்து கொண்டுவரலாம் என்றால், பச்சைச் சாணத்தில் 100-க்கு 80 பங்கு தண்ணீர். லாரி வாடகை முழுவதும் தண்ணீருக்குத்தான். பத்து டன் சாணம் ஏற்றி வர 5,000 ரூபாய் வாடகை என்று வைத்துக்கொண்டால், கிலோவுக்கு 50 பைசா அங்கேயே ஏறிவிடுகிறது. ஆகவே இது பக்கத்திலேயே முடிகிற வியாபாரம்.

நாம் கேட்பது

சிறு வியாபாரிகள் தனித்தனியாகக் கடன் வாங்கி எஞ்சினுக்குக் கலன் கட்டுவதை இந்தச் சங்கம் ஆதரிக்கவில்லை. சொந்த மாடு இருபதுக்கு மேல் வைத்து, தினமும் டீசல் எரித்துக்கொண்டிருப்பவர் கட்டலாம். வறுக்கிற அடுப்பு, பலகார அடுப்பு, டீக்கடை பாய்லர் என்று வணிக சிலிண்டர் வாங்குபவர், பக்கத்தில் சாணமும் கட்டுபடியாகிற விலையில் கிடைத்தால், அடுப்புக்கு மட்டும் கட்டலாம். கட்டுவதற்கு முன் மாட்டுக்காரரிடம் எடைக்கு இவ்வளவு விலை என்று எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். இனாமாகத் தருகிறேன் என்று சொன்னாலும் ஒரு விலை வைத்தே எழுதுங்கள். விற்பவரிடம் இரும்புத்தூள் வடிகட்டி எங்கே, ஒரு வருடத்துக்குப் பழுது பார்ப்பவர் யார் என்று கேளுங்கள். பதில் வராவிட்டால் முன்பணம் கொடுக்காதீர்கள்.

அரசிடம் நாம் கேட்பது எருவைப் பற்றியது. வாயு ஆலைகளிலிருந்து வரும் நொதித்த இயற்கை எருவை உரக் கட்டுப்பாட்டு ஆணையில் சேர்த்திருக்கிறார்கள். 2023-இல் அதற்கு டன்னுக்கு 1,500 ரூபாய் சந்தை உதவித்தொகையும் அறிவித்தார்கள். நல்ல காரியம். ஆனால் அதைப் பை போட்டு ஊர் ஊராக விற்க வேண்டியவர் யார்? நம் உறுப்பினர்களில் உர வியாபாரிகள் இருக்கிறார்கள். அவர்களிடம் குடோன் இருக்கிறது, விவசாயியின் வீட்டு வாசல் தெரியும், யாருக்கு எந்த மாதம் எரு வேண்டும் என்பதும் தெரியும். ஆலையிலிருந்து ஐம்பது கிலோமீட்டருக்குள் இருக்கிற சிறு உரக் கடைகளுக்கு நேரடியாகச் சரக்கு கொடுக்க வேண்டும், பெரிய கம்பெனி உரம் வாங்கினால்தான் இதைத் தருவோம் என்று கட்டிப் போடக் கூடாது என்று நாம் கோருகிறோம். யூரியாவோடு வேறு சரக்கைக் கட்டி விற்பதால் நாம் படுகிற பாடு போதும்.

இந்தக் கோரிக்கையை மாவட்ட நிர்வாகத்திடம் மனுவாகக் கொடுக்க இருக்கிறோம். அதற்கு நம் கையில் உண்மையான கணக்கு வேண்டும். ஏற்கெனவே சாண எரிவாயுக் கலன் வைத்திருக்கும் உறுப்பினர்கள், நாளுக்கு எத்தனை கிலோ சாணம், என்ன விலை, எத்தனை மணி நேரம் எஞ்சின் அல்லது அடுப்பு, மாதம் எவ்வளவு டீசல் அல்லது சிலிண்டர் குறைந்தது, எருவை என்ன செய்கிறீர்கள் என்பதை ஒரு தாளில் எழுதி மாத இறுதிக்குள் சங்க அலுவலகத்தில் சேர்க்கக் கேட்டுக்கொள்கிறோம். நஷ்டப்பட்டவர்கள் கட்டாயம் எழுத வேண்டும். பெயர் போட வேண்டாம் என்றால் போடமாட்டோம்.